உணவுக் கூப்பன் மட்டும் போதுமா, கூடவே சத்துணவு வகுப்பும் வேண்டுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறு அறக்கட்டளை, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாதாமாதம் உதவத் திட்டமிடுகிறது. பெரும்பாலும் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருக்கும் வீடுகள். கையில் இருக்கும் பணத்தை உணவுக் கூப்பனாகக் கொடுக்கலாமா, ரொக்கமாகவே கொடுத்துவிடலாமா, அல்லது ஒரு பங்கை எடுத்து வைத்துச் சத்துணவு வகுப்பும் நடத்தலாமா? வகுப்புக்கு ஆகும் செலவில் இன்னும் பத்து வீடுகளுக்குக் கூப்பன் கொடுத்துவிடலாமே என்று கேட்டவர் தயங்குகிறார்.

அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. இந்த வேலையில் இறங்கிய புதிதில் நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். இப்போது கேட்டால், பத்து வீடு குறைந்தாலும் பரவாயில்லை, இரண்டையும் சேர்த்தே கொடுங்கள் என்பேன். ஆனால் வகுப்பு என்றதும் நம் மனதில் வரும் அந்த வகுப்பு இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஏன் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

இதற்கு நம்மிடம் உள்ள மிக நல்ல ஆதாரம் வங்கதேசத்திலிருந்து வருகிறது. சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து, 2012 முதல் 2014 வரை இரண்டு வருடம் அங்கே ஒரு சோதனை நடத்தின. மிகவும் ஏழ்மையான கிராமத்துக் குடும்பங்களில் சிறு குழந்தை உள்ள தாய்மார்களைத் தேர்ந்தெடுத்து, குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மாதம் 1,500 டாக்கா (வங்கதேச நாணயம்) ரொக்கம். இன்னொரு குழுவுக்கு அதே மதிப்புக்கு 30 கிலோ அரிசி, 2 கிலோ பருப்பு, 2 லிட்டர் எண்ணெய். வேறொரு குழுவுக்குப் பாதி பணம், பாதி பொருள். வடமேற்குப் பகுதியில் ஒரு குழுவுக்கு மட்டும் அதே ரொக்கத்தோடு சத்துணவுப் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

பணமோ பொருளோ வாங்கிய எல்லா வீடுகளிலும் சாப்பாடு கூடியது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குழந்தைகளின் உயரத்தை அளந்து பார்த்தபோது கதை வேறாக இருந்தது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் பங்கு கணிசமாகக் குறைந்தது ஒரே ஒரு குழுவில்தான். ரொக்கமும் பயிற்சியும் சேர்ந்து கிடைத்த குழு அது. அங்கே 7.3 சதவீதப் புள்ளி குறைந்தது, அதாவது நூறு குழந்தைகளில் சுமார் ஏழு பேர் குறைவு. வெறும் ரொக்கம் வாங்கிய வீடுகளில் அந்த மாற்றம் இல்லை. வெறும் பொருள் வாங்கிய வீடுகளிலும் இல்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையில் பயிற்சி மட்டும் தனியாகக் கொடுத்த குழு எதுவும் கிடையாது. எனவே பயிற்சி மட்டுமே போதும் என்று யாரும் இதை எடுத்துக்கொண்டு வாதாட முடியாது. அந்த வாதத்தை நான் அடிக்கடி கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் மனது வலிக்கிறது. "அவர்களுக்கு எது நல்ல சாப்பாடு என்று தெரியவில்லை, சொல்லிக் கொடுத்தால் சரியாகிவிடும்" என்பார்கள். தெரியாமல் இல்லை. அதை நேரில் கண்ட ஒரு நாளைச் சொல்கிறேன்.

நாங்கள் நடத்திய ஆரம்பகால வகுப்பு ஒன்றில் பெரிய வண்ண அட்டை ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தோம். கீரை, காய், பழம், பருப்பு, முட்டை, பால் என்று வட்டம் வட்டமாகப் படம். பேசியவர் நன்றாகத்தான் பேசினார். கேள்வி கேட்டபோது வந்திருந்த அத்தனை பெண்களும் சரியாகப் பதில் சொன்னார்கள். வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, கடைசி வரிசையில் இருந்த ஒரு அம்மா மட்டும் அட்டைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னம்மா என்று கேட்டேன். கீரைப் படத்தில் விரலை வைத்தார். "இதை நான் வாங்கிச் சமைச்சுக் கொடுத்து, பிள்ளை துப்பிட்டான்னா, அன்னைக்கு ராத்திரி அவனுக்கு நான் என்ன கொடுக்குறது?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. இந்தத் துறையைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

ஒரு குழந்தை புதிய உணவு ஒன்றை ஏற்றுக்கொள்ள, அதை எட்டு முதல் பதினைந்து முறை வரை சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது குழந்தை உணவு பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. முதல் சில முறை துப்பும். முகம் சுளிக்கும். தட்டைத் தள்ளும். அது இயல்புதான். வசதியான வீட்டில் துப்பிய கீரையைத் துடைத்துவிட்டு வேறு ஏதாவது கொடுப்பார்கள், நாளை மறுபடி முயல்வார்கள். கணக்காக வாங்கும் வீட்டில் துப்பிய ஒவ்வொரு வாயும் போன காசு. எனவே அந்தத் தாய் குழந்தை கட்டாயம் சாப்பிடும் என்று தெரிந்ததை மட்டும் வாங்குகிறாள். வயிறு நிரம்பும், அழாமல் தூங்கும். அவள் போடும் கணக்கு தப்பே இல்லை. ஆனால் அதனாலேயே குழந்தையின் நாக்கு ஐந்தாறு சுவைகளுக்குள் நின்றுபோகிறது.

கூப்பனை நான் இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். அது உணவு வாங்கும் காசு மட்டும் இல்லை, ஒருமுறை வீணானாலும் தாங்கும் என்ற தெம்பு. வகுப்பின் வேலை, அந்தத் தெம்பை எதில் செலவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவது. தெம்பைக் கொடுக்காமல் கீரை சாப்பிடச் சொன்னால் அது அறிவுரையாக மட்டும் நிற்கும். தெம்பை மட்டும் கொடுத்துவிட்டு விட்டால், பழகிய உணவே கொஞ்சம் அதிகமாக வாங்கப்படும். வங்கதேசத்து எண்களுக்குப் பின்னால் இருப்பது இதுதான் என்பது என் எண்ணம்.

சரி, ரொக்கமா கூப்பனா என்ற கேள்விக்கு வருவோம்.

2011-ல் எக்வடோரில் உலக உணவுத் திட்டம் இதை நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. கொலம்பியாவிலிருந்து வந்த அகதிகளும் உள்ளூர் ஏழைகளும் சேர்ந்து வாழும் நகர்ப்பகுதிகளில், ஒரு வீட்டுக்கு மாதம் 40 டாலர் மதிப்புக்கு ஆறு மாதம் உதவி. சிலருக்கு ரொக்கம், சிலருக்குக் கூப்பன், சிலருக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், டப்பா மீன் அடங்கிய பொட்டலம். மூன்று தரப்புக்கும் மாதாந்திர சத்துணவுப் பயிற்சி உண்டு. மூன்றுமே பலன் தந்தன. பொட்டலம் வாங்கியவர்களுக்குக் கலோரி அதிகம் கூடியது. கூப்பன் வாங்கியவர்களின் தட்டில் உணவு வகைகள் அதிகம் கூடின. கொடுத்துச் சேர்க்கும் செலவைப் பார்த்தால், ஒவ்வொரு முறைக்கும் பொட்டலத்துக்கு 11 டாலருக்கு மேல் ஆனது, ரொக்கத்துக்கும் கூப்பனுக்கும் சுமார் 3 டாலர்தான். எனவே உள்ளூரில் கடைகள் ஒழுங்காக நடக்கும் வரை பொட்டலம் கட்டும் வேலையில் இறங்காதீர்கள். வெள்ளம், போர், கடையில் சரக்கே இல்லாத நிலை என்றால் அது வேறு விஷயம்.

ரொக்கத்துக்கும் கூப்பனுக்கும் இடையில் பொருளாதார வல்லுநர்கள் ரொம்ப நாள் ஒரு வாதம் செய்து வந்தார்கள். எந்த வீடும் எப்படியும் உணவுக்குக் கொஞ்சம் செலவழிக்கும். கூப்பன் வந்தால் அந்தச் சொந்தப் பணம் மிச்சமாகி வேறு செலவுக்குப் போய்விடும். எனவே இரண்டும் ஒன்றுதான் என்று. காகிதத்தில் இது சரி. ஆனால் அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கடைப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 2018-ல் வந்த ஆய்வு ஒன்று வேறு மாதிரி சொன்னது. அரசு உணவு உதவி 100 டாலர் கூடினால் உணவுச் செலவு 50 முதல் 60 டாலர் வரை கூடுகிறது. அதே 100 டாலர் ரொக்கமாகக் கூடினால், உணவுக்குப் போவது 10 டாலரைத் தாண்டுவதில்லை. மனிதர்கள் பணத்துக்கு மனதுக்குள் தனித்தனி டப்பா வைத்திருக்கிறார்கள். அடுக்களைக் காசு என்று பெயர் வைத்து வந்தால் அது அடுக்களைக்குத்தான் போகும்.

இதனால் ரொக்கம் கெட்டது என்று ஆகிவிடாது. வாடகை கட்ட முடியாமல் வீட்டைவிட்டு வெளியேறப் போகும் குடும்பத்துக்குக் காய்கறிக் கூப்பன் கொடுத்து என்ன பயன்? வங்கதேசத்தில் பயிற்சியோடு சேர்ந்து வென்றதும் ரொக்கம்தான். உங்கள் குறிக்கோள் குழந்தையின் தட்டு என்றால், வீட்டின் மற்ற நெருக்கடிகள் தலைக்குமேல் போகாமல் இருக்கிறது என்றால், கூப்பன். நெருக்கடி பல பக்கமும் இருக்கிறது என்றால், ரொக்கம். இரண்டிலும் பயிற்சி கூடவே இருக்கட்டும்.

கூப்பனை எப்படி வடிவமைப்பது என்பதில்தான் நல்ல எண்ணத்தோடு தொடங்கிய பல திட்டங்கள் இடறி விழுகின்றன. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாதத்துக்கு ஒரே தவணையாகக் கொடுக்காதீர்கள். அமெரிக்க உணவு உதவி மாதம் ஒருமுறைதான் கணக்கில் ஏறும். அதைப் பெறுபவர்கள் சாப்பிடும் கலோரி மாத இறுதிக்குள் 10 முதல் 15 சதவீதம் குறைந்துவிடுகிறது என்று 2005-ல் வந்த ஆய்வு காட்டியது. கலிபோர்னியாவில் இதைவிடக் கலங்க வைக்கும் ஒன்றைக் கண்டார்கள். ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனையில் சேர்க்கப்படும் ஏழை நோயாளிகளின் எண்ணிக்கை, மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகம். வசதியானவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. சர்க்கரை மருந்து போட்டுக்கொண்டு, சாப்பிட ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள். வாரக் கூப்பனாக, முடியாவிட்டால் மாதம் இரண்டு முறையாவது பிரித்துக் கொடுங்கள். காய், பழம், பால் எல்லாம் ஒரு மாதத்துக்கு வாங்கி வைக்கும் பொருளும் இல்லை.

விலை ஏறினால் கூப்பனும் ஏற வேண்டும். இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்கும் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 'ஹெல்தி ஸ்டார்ட்' என்ற திட்டம் 2006 முதல் இருக்கிறது. பால், காய், பழம், பருப்பு வகைகளுக்கானது. அதன் வார மதிப்பு பல வருடம் 3.10 பவுண்டிலேயே நின்றது, 2021 ஏப்ரலில்தான் 4.25 ஆனது. இடைப்பட்ட வருடங்களில் அதே கூப்பன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவான பாலையும் காயையும்தான் வாங்கியது. திட்டம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், தட்டு மட்டும் சுருங்கும். உங்களிடம் பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால், விலை ஏறும்போது என்ன செய்வது என்பதை இப்போதே எழுதி வையுங்கள். வீடுகளைக் குறைப்பதா, மாதங்களைக் குறைப்பதா, புதிதாகச் சேர்ப்பதை நிறுத்துவதா என்று. அந்த நேரம் வந்த பிறகு முடிவெடுத்தால் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைப்பதில்தான் போய் நிற்கும். அதில் யாருக்கும் பலன் இல்லை.

அடுத்தது, கடையில் பணம் கட்டும் இடம். ஒரு தாய் கூப்பனோடு வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். இடுப்பில் குழந்தை. எடுத்து வைத்த பொருளைக் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டியலில் அரை கிலோ பாக்கெட் என்று இருந்தது, அந்த அம்மா எடுத்தது 400 கிராம் பாக்கெட். செல்லாது என்று சொல்லிவிட்டார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அப்படியே மேசையில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த இரண்டு மாதம் கூப்பன் வாங்கவே வரவில்லை. பட்டியல் போட்டது நாங்கள். அந்தப் பாக்கெட் அளவைத் தட்டச்சு செய்ததும் எங்களில் ஒருவர்தான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்த முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

எனவே பட்டியலை வகையாகப் போடுங்கள், பாக்கெட்டாகப் போடாதீர்கள். 'எந்தக் காய், எந்தப் பழம், எந்த முட்டை ஆனாலும் சரி' என்று இருந்தால் சண்டையே வராது. கடைக்காரர்களை முன்கூட்டியே உட்கார வைத்துப் பேசுங்கள், அவர்களுக்குப் பணம் ஒரு வாரத்துக்குள் போய்ச் சேர வழி செய்யுங்கள். பணம் தாமதமானால் அந்த எரிச்சல் கூப்பன் கொண்டுவருபவர் மேல்தான் திரும்பும். முடிந்தால் அச்சிட்ட கூப்பனுக்குப் பதில் சாதாரண வங்கி அட்டை போலத் தெரியும் அட்டை கொடுங்கள். அமெரிக்காவில் 1939-ல் ராசெஸ்டர் நகரில் முதன்முதலாக உணவு முத்திரைகள் வந்தபோது அவை ஆரஞ்சு நிறத்திலும் நீல நிறத்திலும் இருந்தன. கையில் எடுத்ததுமே யார் என்று தெரிந்துவிடும். 2004-க்குள் நாடு முழுக்க அட்டையாக மாற்றினார்கள். வரிசையில் நிற்பவருக்கு அது பெரிய நிம்மதி.

தடை போடுவதைவிடச் சலுகை கொடுப்பது நல்லது என்பது என் அனுபவம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்டன் கவுண்டியில் 2011-12-ல் செய்து பார்த்தார்கள். உணவு உதவி பெறும் 7,500 வீடுகளுக்கு, காய் பழத்துக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் திருப்பி அட்டையில் ஏற்றினார்கள். காய் பழம் சாப்பிடுவது 26 சதவீதம் கூடியது. ஒரு நாளைக்குக் கால் கப் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய புரட்சி இல்லைதான். ஆனால் யாரையும் எதையும் வாங்காதே என்று சொல்லாமல் வந்த கால் கப் அது.

இப்போது வகுப்பு. வங்கதேசத்தில் அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். வாரம் ஒரு கூட்டம். மாதம் இரண்டு முறை வீட்டுக்கே போய்ப் பேசினார்கள். ஊரில் பேச்சுக்கு மதிப்புள்ளவர்களை மாதம் ஒருமுறை தனியாகச் சந்தித்தார்கள். மாமியார், கணவர் ஆகியோரையும் அழைத்தார்கள். இந்தக் கடைசி விஷயத்தைப் பெரும்பாலான திட்டங்கள் விட்டுவிடுகின்றன. எதை வாங்குவது, யாருக்கு முதலில் பரிமாறுவது என்று முடிவு செய்பவர் வேறொருவராக இருந்தால், தாயை மட்டும் உட்கார வைத்துப் பாடம் நடத்தி என்ன ஆகப்போகிறது? பயிற்சியோடு உதவி பெற்றவர்களைத் திட்டம் முடிந்து ஆறு முதல் பத்து மாதம் கழித்துப் பார்த்தபோது, வீட்டில் பெண்கள் மீதான உடல்ரீதியான வன்முறையும் 26 சதவீதம் குறைந்திருந்தது. பயிற்சி இல்லாமல் உதவி மட்டும் வாங்கியவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. வாரம் ஒருமுறை பத்துப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசினால், சத்துணவு தவிர வேறு பலவும் மாறும் போலிருக்கிறது.

வகுப்பில் என்ன செய்வது என்று கேட்டால், சுவரில் மாட்டும் பட அட்டையைச் சுருட்டி வைத்துவிட்டு அடுப்பை மூட்டுங்கள். அங்கேயே சமைக்க வேண்டும், அங்கேயே குழந்தைகளுக்கு ஊட்டிப் பார்க்க வேண்டும். வகுப்பில் துப்பினால் அது திட்டத்தின் செலவு, அந்த வீட்டின் செலவு இல்லை. நாங்கள் இப்படி மாற்றிய பிறகு ஒரே கீரையைத் தொடர்ந்து பல வாரம் சமைத்தோம். வந்தவர்களுக்கே சலித்துப்போனது. ஆனால் ஆறாவது ஏழாவது வாரத்தில் ஒரு குழந்தை தானாக வாயைத் திறந்தபோது, அந்தக் கூடத்தில் எழுந்த சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

வந்தவர்களிடம் இருக்கும் பாத்திரம், அடுப்பு, நேரம் இவற்றுக்குள் சமையல் அடங்க வேண்டும். இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவு எட்டு மணிக்கு வீடு சேரும் பெண்ணுக்கு ஒரு மணி நேரச் சமையலைக் கற்றுக் கொடுக்காதீர்கள். குளிர்பெட்டி இல்லாத வீட்டுக்கு மிச்சத்தை எடுத்து வைக்கும் யோசனை சொல்லாதீர்கள். பாடம் எடுப்பவர் அதே தெருவில் வாழும் ஒருவராக இருந்தால் இதெல்லாம் தனியாகச் சொல்லித் தரவே தேவையில்லை. கூப்பன் வாங்கிப் பழகிய ஒரு தாயையே பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள். சம்பளம் முக்கியம். தொண்டாகச் செய்யட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்காவில் தாய் சேய்களுக்கான விக் திட்டம் 1970-களிலிருந்தே கூப்பனையும் சத்துணவு ஆலோசனையையும் ஒன்றாகக் கட்டித் தருகிறது. 2009-ல் அதன் பட்டியலை மாற்றினார்கள். பழச்சாறைக் குறைத்து, முழுதானியமும் காய் பழக் கூப்பனும் சேர்த்தார்கள். 2010-ல் அந்தத் திட்டத்தில் இருந்த 2 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 15.9 சதவீதம் பேருக்கு உடல்பருமன் இருந்தது. 2016-ல் அது 13.9 ஆகக் குறைந்தது. பட்டியல் மாற்றம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அதற்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன். அதே நாட்டில், பொது உணவு உதவியோடு சேர்ந்து 1992 முதல் நடந்துவந்த சத்துணவுக் கல்விக்கான நிதியை 2025-ல் வந்த சட்டம் நிறுத்திவிட்டது. கத்தரி எடுத்தால் முதலில் வெட்டப்படுவது எப்போதும் வகுப்புதான். கண்ணுக்குத் தெரியும் மூட்டையோ அட்டையோ அதில் இல்லையே. உங்கள் அறக்கட்டளைக் கூட்டத்திலும் யாராவது இதைச் சொல்வார்கள், தயாராக இருங்கள்.

கடைசியாக, எவ்வளவு காலம் என்ற கேள்வி. கருவில் தொடங்கி இரண்டாவது பிறந்தநாள் வரை உள்ள சுமார் ஆயிரம் நாட்களில்தான் உயரமும் மூளையும் வேகமாக வளர்கின்றன. எனவே ஐம்பது வீடுகளுக்கு ஆறு மாதம் கொடுக்கும் பணம் இருந்தால், சுமார் பத்து வீடுகளை எடுத்துக்கொண்டு இரண்டரை வருடம் கொடுங்கள். கர்ப்பம் தெரிந்ததும் சேருங்கள், குழந்தைக்கு இரண்டு வயது முடியும் வரை அந்த வீட்டை விடாதீர்கள். சேர்க்கும் நாளிலேயே எப்போது முடியும் என்பதையும் சொல்லிவிடுங்கள். திடீரென்று நின்றால், நம்பி வாங்கப் பழகிய தாய்தான் மறுபடி மாட்டிக்கொள்வாள். அப்புறம், பலனை அளக்க வகுப்பு வருகைப் பதிவேடு உதவாது. குழந்தை சாப்பிடத் தொடங்கியதும், அதிலிருந்து ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், திட்டம் முடியும் நாள் என்று நான்கு முறை ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நேற்று காலையிலிருந்து இரவு வரை குழந்தை என்னென்ன சாப்பிட்டது? வகைகளை எண்ணி எழுதுங்கள். கூடவே குழந்தையைப் படுக்க வைத்து நீளத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு அளவுப் பலகையும் ஒரு நோட்டும் இருந்தால் போதும்.